முதல் தாள் இல்லாத புத்தகம்

என் பாசத்துக்கு உரிய, இந்தப் பதினைந்து நாளாக என் கோபத்துக்கும் உரிய மச்சான் மூர்த்திக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் போனாய். இப்போது பொங்கல் முடிந்து, கரும்பு வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆலைக்குப் போகின்றன. மல்லிகா நன்றாக இருக்கிறாள். உன் தங்கச்சியைப் பற்றி இப்போதைக்கு இந்த ஒரு வரி போதும். அவளைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை யாருக்கும் காட்டாமல் எழுதிப் பீரோவில் பூட்டியிருக்கலாம். ஆனால் நீ என்னைத் திட்டியதெல்லாம் நாலு பேர் முன்னால்தான். கடையில் ஆள் நிற்கும்போது, கல்யாணப் பந்தியில், ஒருமுறை ஓடுகிற பஸ்ஸில். அதனால் இதுவும் நாலு பேர் கேட்கவே இருக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று சலித்துக்கொள்ளாதே.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஜெராக்ஸ் கடை. பக்கத்தில் உன் புத்தகக் கடை. நீ திருநாவலூர்க்காரன், நான் நைனார்பாளையத்துக்காரன். ஒன்றாகக் கல்லூரியில் படித்தோம், ஒன்றாக வேலை கிடைக்காமல் அலைந்தோம், பிறகு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கடை வைத்தோம். உன் தங்கச்சியை நான் கட்டிக்கொண்டேன். உனக்குப் பெண் பார்க்கப் போனால், டிவி இருக்கிற வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று அந்த வீட்டு டிவியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவாய். கடைசி வரைக்கும் தனியாகவே இருந்துவிட்டாய்.

உன் கடையில் பேரம் கிடையாது. அட்டையில் என்ன விலை போட்டிருக்கிறதோ அதுதான் விலை. விலையை ஏற்றி அச்சடித்துவிட்டு அப்புறம் தள்ளுபடி என்று கொடுக்கிற நோட்ஸ் கம்பெனிக்காரர்களை வாசற்படி ஏற விடமாட்டாய். ஆனால் படித்துவிட்டு, தாள் மடக்காமல், ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பாதி விலையைத் திருப்பிக் கொடுப்பாய். அந்தப் புத்தகம் அடுத்த ஆளுக்குப் பாதி விலையில் போகும். இந்த ஏற்பாட்டை நீயே யோசித்துக் கண்டுபிடித்தாய். உனக்கு அதில் அவ்வளவு பெருமை.

உன் சட்டம் உன் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவர் தாண்டி என் கடைக்கும் வந்தது. ‘முழுப் புத்தகம் நகல் எடுத்துத் தரப்பட மாட்டாது’ என்று அட்டையில் எழுதி, நீயே ஆணி கொண்டுவந்து அடித்து மாட்டினாய். நான் கடை ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் முழுப் புத்தகமாகத்தான் கொண்டுவருவார்கள் என்பது உனக்குத் தெரியும்.

ஒருநாள் ஒரு பி.எட். மாணவி வந்து கெஞ்சினாள் என்று ஒரு புத்தகத்தை எடுக்க ஆரம்பித்தேன். மிஷின் சத்தம் தொடர்ந்து வருகிறதே என்று நீ எட்டிப் பார்த்தாய். அன்றைக்கு நீ போட்ட கூச்சலுக்கு எதிர்ப்பக்கப் பூக்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

“இன்னா மச்சான் செய்யற? ஒருத்தன் ரெண்டு வருஷம் ஒக்காந்து எழுதனத ரெண்டு நிமிஷத்துல உருவிக் குடுத்துடுவியா? அவன் வூட்டுல அடுப்பு எரிய வாணாமா?”

“நான் எடுக்கலன்னா எதிர்க்கடையில எடுப்பாங்கடா.”

“எடுக்கட்டும். திருட்டு எதிர்க்கடையிலயே இருக்கட்டும். என் தங்கச்சி சோறு திங்கற கடையில வாணாம்.”

அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அதற்குப் பிறகு நான் ஒரு முழுப் புத்தகத்தையும் எடுத்ததில்லை. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, பட்டா, மாற்றுச் சான்றிதழ், இவற்றை வைத்துத்தான் இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன். எதிர்க்கடைக்காரன் மாடி கட்டினான். நான் அந்த மாடியைப் பார்க்கிற நேரமெல்லாம் உன்னை மனசுக்குள் திட்டுவேன், ஆனால் அட்டையைக் கழற்றியதில்லை. நீ சொன்னது சரி என்று நம்பினேன் மச்சான். உன்னை நம்பினேன்.

டிவி விஷயமும் அப்படித்தான். எங்கள் வீட்டு டிவி மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடி, அதன் மேல் புத்தகங்களை அடுக்கிவிட்டுப் போனாய். மல்லிகா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு அவளே ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள், நாடகத்தில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதையே மறந்துபோனாள். எனக்கு எழுதுகிற ஆசை வந்ததும் அந்த நாட்களில்தான். மூடிய டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் என் ஒரே நாவலை எழுதினேன்.

‘கிழங்கு லாரி’. உனக்குத் தெரியாததா? கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குகிற லாரி. அதில் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து ஆலை வேலைக்குப் போகிற ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண் தேவகி. முதல் ஆளாகப் படித்தது நீதான். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதற்கப்புறம் வரவில்லை.

சென்னையில் ஒரு பதிப்பகம் அதைப் போட்டது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், விலை முந்நூற்று எண்பது. பார்சலைப் பிரித்து ஒரு பிரதியைக் கையில் எடுத்ததும் நான் அழுதேன். நீ பின் அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தாய்.

“கிழங்கு வெட்டறவங்க கதைய, கிழங்கு வெட்டறவங்க வாங்க முடியாத வெலையில போட்டிருக்கான் மச்சான். கம்மி பண்ணச் சொல்லு. சாதா அட்டை போதும்னு சொல்லு.”

“கம்மி பண்ணா மதிக்க மாட்டாங்கடா. கெட்டி அட்டைன்னாதான் லைப்ரரியில எடுப்பாங்க.”

இதை நான்தான் சொன்னேன். மறைக்கவில்லை. அந்தக் கெட்டி அட்டை எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கெட்டியான பொருள் அது ஒன்றுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் முடியாது என்றேன். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. நீ விட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வாரமும் சந்தை நாளில், வண்டியின் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு நீ போவது வழக்கம். அந்தப் பையில் என் புத்தகமும் பத்துப் பிரதி போயிற்று. சாயந்திரம் நீ இறங்கி வந்ததும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“போச்சா மச்சான்?”

“ஓடல மச்சான்.”

அடுத்த வாரமும் ஓடவில்லை. அடுத்த மாதமும் ஓடவில்லை. ஒருநாள் நீயே சொன்னாய், “மலையில யாரும் எடுக்கலடா. வுடு, எல்லாப் புக்கும் எல்லாருக்கும் புடிக்குமா?” என்று. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். எனக்காக வருத்தப்படுகிறாய் என்று நான் நினைத்தேன்.

இரண்டாவது நாவலில் அறுபது பக்கம் எழுதியிருந்தேன். யாருடைய கதையோ அவர்களுக்கே பிடிக்கவில்லை என்றால் நான் எதற்காக எழுத வேண்டும்? பேனாவை மூடி வைத்தேன். ஏழு வருஷம் ஒரு வரி எழுதவில்லை மச்சான். எனக்கு எழுத்து வராது, ஒரு ஆர்வத்தில் கிறுக்கிவிட்டேன், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். நீ தினமும் என்னோடு டீ குடித்தாய். ஏழு வருஷம். ஒரு நாள் வாய் திறக்கக் கூடாதா?

சரி, மலைக்கு நான் போன கதையைச் சொல்கிறேன்.

உன் காரியம் முடிந்ததிலிருந்தே மல்லிகா சொல்லிக்கொண்டிருந்தாள். “மேல அண்ணன்கிட்ட புக்கு வாங்கனவங்க திருப்பித் தர வச்சிக்கினு காத்திருப்பாங்க. அவரு போன சேதியே தெரியாது அவங்களுக்கு. நீ ஒரு தபா போய்ட்டு வாயேன்.” மழை, அப்புறம் குளிர், அப்புறம் பொங்கல் என்று தள்ளிப் போட்டேன். உன் வண்டியைத் தொடுவதற்கே எனக்கு மனசு வரவில்லை. போன மாதக் கடைசியில் ஒரு சந்தை நாள் அன்று உன் வண்டியிலேயே கிளம்பினேன்.

வெள்ளிமலையில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. நீ வழக்கமாக வண்டி நிறுத்துகிற இடம் என்று மல்லிகா அடையாளம் சொல்லியிருந்தாள். கடைக்குள் டிவி அலறிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தியதும் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா வண்டியைப் பார்த்தார், உடனே கை நீட்டி டிவியை நிறுத்தினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

அந்தம்மா பெயர் சின்னப்பொண்ணு. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் குழப்பம். “புக்கண்ணன் வர்லீங்களா? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?” என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே இருந்த ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். சந்தைக்குக் கிழங்கு கொண்டுவந்திருந்த இரண்டு பெண்கள் சத்தமாகவே அழுதார்கள். உனக்காக மலையில் இத்தனை பேர் அழுவார்கள் என்று நீ எங்களிடம் சொன்னதே இல்லையே.

வாரா வாரம் மூன்று மணிக்கு டிவியை நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரம் நீ அங்கே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாயாம். “டிவி நாள் பூரா பாக்கறீங்க, எனக்கு அரை மணி குடுங்க” என்று கெஞ்சியே வாங்கினாயாம். மீதியைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் புத்தகத்தை வாங்கிக்கொள்வார்களாம். கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. என் மச்சான் எவ்வளவு பெரிய ஆள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்தான் அப்படி நினைக்க முடிந்தது.

சின்னப்பொண்ணு உள்ளே போய், காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். “இத்த மட்டும் திருப்பித் தர மாட்டேன்னு அண்ணன்கிட்டயே சொல்லிட்டேன். பாதி வெல வாணாம், புக்குதான் வேணும்னேன். இந்த ஊருல நாப்பது வூட்டுலயாவது இது இருக்கும்” என்று என் கையில் கொடுத்தார். பிரித்தேன். முதல் பக்கத்தில் முதல் வரி. லாரி மேல் கிழங்கு மூட்டை ஏற்றுகிற வரி. என் வரி.

ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் மடித்து, நூல் போட்டுத் தைத்திருந்தது. ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே மயிர் அளவு ஒரு கருப்புக் கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியாதா? என் மிஷின் டிரம்மில் விழுந்த கீறல் அது. டிரம்மை மாற்றச் சொல்லி மெக்கானிக் தலையால் அடித்துக்கொண்டான், ஆதார் கார்டுக்கு எதற்கு என்று நான் அப்படியே விட்டுவைத்தேன். என் கதையை, என் கடையில், என் மிஷினில் எடுத்திருக்கிறாய். நீ ஆணி அடித்து மாட்டிய அட்டைக்குக் கீழே நின்று எடுத்திருக்கிறாய்.

எழுதியவர் பெயரைத் தேடினேன். இல்லை. என் பெயர் போட்ட தாள், பதிப்பகத்தின் பெயர், விலை, ‘அனுமதியின்றி நகல் எடுக்கக் கூடாது’ என்ற வரி எல்லாம் இருக்கிற முதல் தாளே இல்லை. நேரே முதல் அத்தியாயம்.

“இத்த யாரு எழுதனதுங்க?” என்று கேட்டேன்.

“இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? அண்ணன் எழுதனதுதான். நாங்க கேட்டா சொல்ல மாட்டாரு, சிரிப்பாரு. ஆனா வாசிக்கும்போது கொரல் மாறும் பாருங்க, அதுலயே தெரிஞ்சிடும்.”

சிரித்தாயாமே. எதற்குச் சிரித்தாய் மூர்த்தி? ‘இல்லம்மா, இது என் தங்கச்சி புருஷன் எழுதியது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் நான் எங்கே என்று கேட்பார்கள், என்னைக் கூட்டிவரச் சொல்வார்கள், குட்டு உடைந்துவிடும் என்று பயந்தாயா? அல்லது அந்தப் பெருமை உனக்கும் கொஞ்சம் பிடித்திருந்ததா? இதற்குப் பதில் தெரியாமல்தான் பதினைந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெண்கள் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே கேட்டார்கள். “அந்த தேவகி ஆலைக்குப் போனாளே, திரும்பி வந்தாளா இல்லியா? அண்ணன் உங்ககிட்ட எதுனா சொல்லியிருக்காரா?” ஒருத்தி வந்துவிட்டாள் என்றாள். இன்னொருத்தி, “எங்க வர்றது? போனவங்க எத்தினி பேரு வந்தாங்க?” என்றாள். அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. இதை வைத்து ஆறேழு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

யாருக்கும் பிடிக்கவில்லை என்றாயே. ஓடவில்லை என்றாயே.

நான்தான் எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் உனக்காக அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? சின்னப்பொண்ணு, “நீங்க அண்ணனுக்கு இன்னா வேணும்?” என்றார். “மச்சான்” என்றேன். எனக்கு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். புக்கண்ணன் சொந்தக்காரர் என்பதற்காக. என் சொந்தப் புத்தகத்துக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

மலை இறங்கி வந்து வண்டியை நிறுத்திவிட்டு மல்லிகாவைக் கூப்பிட்டேன். அந்தக் கருப்புக் கோட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கெழமை நீ நைனார்பாளையம் போய் நெலத்தப் பாத்துட்டு வருவ இல்ல, அப்ப எடுப்போம். நான் தாள் வைப்பேன், அண்ணன் பக்கத்தத் திருப்புவாரு. தாள அவரே வாங்கியாந்துடுவாரு. எழுவது ரூபாக்குக் குடுத்தாரு, தாளுக்கும் நூலுக்கும்தான் ஆச்சி. ஒரு பைசா எடுத்துக்கல.”

“மிஷின் மீட்டர்ல காப்பி கணக்கு ஏறியிருக்குமே?”

“நீ என்னிக்கு மீட்டரப் பாத்த? டோனர் மை சீக்கிரம் தீந்து போவுதுன்னு அந்த டோனர்காரங்கிட்ட போய் சண்ட போட்டுக்கினு வந்தியே, அப்ப நானும் அண்ணனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினோம்.”

அந்த டோனர்காரன் ஏமாற்றுகிறான் என்று சொல்லிக் கடையையே மாற்றினேன். இனி அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முதல் தாளைப் பற்றிக் கேட்டேன். அதையும் மல்லிகா சொன்னாள். “மொத தபா அந்தத் தாளத்தான் கண்ணாடி மேல வச்சாரு. வச்சிட்டு, கீழ இருக்கற அந்த வரியப் படிச்சாரு. நகல் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குமே, அது. பட்டன அமுக்க மாட்டேன்னு நின்னுக்கினு இருந்தாரு. அப்புறம் அத்த எடுத்துட்டு அடுத்த பக்கத்த வச்சாரு. ஒன் பேரும் அதுலதான் இருக்குதுன்னு நான் சொன்னேன். பாத்துக்கலாம்னாரு.”

உன்னை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் மச்சான். புத்தகம் முழுவதும் எடுக்கக் கை வந்தது, எடுக்கக் கூடாது என்கிற வரியை எடுக்க மட்டும் கை வரவில்லை. உன்னைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கூச்சத்தில் நீ ஒதுக்கி வைத்த தாளோடு நானும் போய்விட்டேன். அது உனக்கு உறைக்கவே இல்லையா?

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மல்லிகாவிடம் கேட்டேன். “சொல்லணும்னுதான் வருவாரு. ஒன் மூஞ்சப் பாத்ததும் திரும்பிடுவாரு. ஊரெல்லாம் திருட்டு திருட்டுன்னு பேசனவரு, தான் செஞ்சத எந்த வாயால சொல்லுவாரு? ஓடுதுன்னு சொன்னா எப்பிடி ஓடுதுன்னு கேப்ப. அதான் ஓடலன்னாரு. நானும் அவரு தங்கச்சியா இருந்துட்டேன். ஒனக்குப் பொண்டாட்டியா இருக்கல. அதுக்குதான் ஒன்ன மேல அனுப்பனேன். இன்னும் எத்தினி நாளு நானே வச்சிக்கினு இருக்கறது?”

நான் அவளோடு நான்கு நாள் பேசவில்லை. பிறகு பேசினேன். உயிரோடு இருக்கிறவர்களோடு பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? சண்டை போட்டுவிட்டுத் திரும்பப் பேசுகிற வசதி உனக்கு இல்லை, உன் விஷயத்தில் எனக்கும் இல்லை.

எனக்கு எங்கே வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நீ தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எழுபது ரூபாய்க்கு விற்றது வலிக்கவில்லை. அந்த விலைதான் சரியான விலை. முந்நூற்று எண்பதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். கேட்காமல் எடுத்தது வலிக்கிறது. நாலாவது முறையும் வந்து கேட்டிருந்தால், மலையில் இப்படிக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால், நானே பட்டனை அமுக்கியிருப்பேன். அதைவிட வலிப்பது அந்த ‘ஓடல’. நாற்பது வீட்டில் என்னைப் படித்துக்கொண்டிருந்தார்கள், நீ அதைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்து, எழுதத் தெரியாதவன் என்று என்னை நம்ப வைத்தாய். என் ஏழு வருஷத்தை எடுத்துக்கொண்டாய் மூர்த்தி. அதை எந்தப் பாதி விலைக்கும் திருப்பித் தர முடியாது.

பதிப்பகத்துக்கு எழுதினேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி, உரிமையைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். நகல் எடுத்தது தவறு, ஆனால் நாங்கள் வைத்திருந்தும் விற்கவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்துவிட்டது. இனிமேல் அந்தப் புத்தகம் என்னுடையது. சாதா அட்டையில், எழுபது ரூபாயில் போடப் போகிறேன்.

ஆனால் மலையில் அவர்களிடம் சொல்வதா, வேண்டாமா? இதுதான் எனக்கும் மல்லிகாவுக்கும் இப்போது பிரச்சினை.

“செத்துப் போனவரப் போய் திருடன்னு சொல்லப் போறியா? அவருக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. மேல அந்த டீக்கடையில இருக்கற பேரு ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். அத்தயும் புடுங்கிக்கினு வந்துடுவியா?” என்று கேட்டாள்.

“என் பேரு?” என்றேன்.

நான் சொன்னால் உன்னை இழப்பார்கள். சொல்லாவிட்டால் நான் எழுதியது எனக்கு எப்போதும் கிடைக்காது. அடுத்த புத்தகத்தை என் பெயரில் கொண்டுபோனால், புக்கண்ணன் கதையைப் பார்த்து இவன் எழுதியிருக்கிறான் என்பார்கள். தேவகி திரும்பி வந்தாளா என்று என்னிடம் கேட்டார்களே, எனக்குப் பதில் தெரியும் மச்சான். அந்த அறுபது பக்கம் அவள் திரும்பி வருகிற கதைதான். பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது எழுபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். எழுதி முடித்ததும் நேராக உன் கடைக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று கை பரபரக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷட்டர் இறங்கியிருக்கிறது.

சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். மல்லிகாவுக்கும் தெரியும். அழுதாள், பிறகு கோந்து டப்பாவை எடுத்து வைத்தாள்.

வருகிற சந்தை நாளில் மேலே போகிறேன். நீ ஒதுக்கி வைத்த அந்த முதல் தாளை நாற்பது பிரதி எடுத்திருக்கிறேன், அதே மிஷினில், எழுதியவனின் அனுமதியோடு. கோடு விழுந்திருக்கிறது, இருக்கட்டும். என் பெயருக்குக் கீழே என் கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘இந்தப் பிரதியை எடுத்து, தைத்து, மலைக்குக் கொண்டுவந்தவன் என் மச்சான் சுந்தரமூர்த்தி. என்னைக் கேட்கவில்லை.’ ஒவ்வொரு வீடாகப் போய் நானே ஒட்டிவிட்டு வருவேன். மூன்று மணிக்கு டிவியை நிறுத்தச் சொல்லி, உன் இடத்தில் உட்கார்ந்து, தேவகி திரும்பி வருகிற முதல் பக்கத்தை வாசிப்பேன்.

உன்னைக் காப்பாற்றப் பொய் சொல்ல மாட்டேன், இது சத்தியம். அவர்கள் உன்னைத் திட்டினால் நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டட்டும், உனக்கு வேண்டும். ஆனால் ரொம்பவும் திட்டினால், போதும் நிறுத்துங்க, அவன் எங்க வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவேன்.

இன்னும் உன்னை மன்னிக்காத,
உன் தங்கச்சி புருஷன்
ஏழுமலை